பிளாஸ்திரியில் எழுதின பேர்

நாலு மணிக்குள் எழுதிவிட வேண்டும், எழுதுவதானால். எழுதுவதில்லை என்றாலும் நாலு மணிக்குள் அதற்கொரு காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். இப்போது இரண்டு பத்து. பிரதீபா சாப்பாட்டு மேசையில், கணவன் ஆவுடையப்பனின் ஆபீஸ் தாள்கட்டிலிருந்து உருவின வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்கத் தாளின் தலையில் ஊறுகாய் பாட்டில். பாட்டிலின் அடி எண்ணெய் தாளில் வட்டமாக இறங்கிவிட்டது. இதில் எழுத முடியாது, வேறு தாள் எடுக்க வேண்டும் என்று நினைத்ததும் சின்னதாக ஒரு நிம்மதி, ஐந்து நிமிஷம் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்ததே என்று. உள்ளறையில் மாமியார் மதியத் தூக்கத்தில். கூடத்துத் தொட்டிலில் மகிழ், பதினான்கு மாதம், தூக்கத்திலேயே எதையோ சப்பிக்கொண்டிருந்தான். அந்தச் சப்பல் சத்தம். அதைக் கேட்காதே, தாளைப் பார். காலையில் ஆவுடையப்பன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் போன் அடித்தது, அவன் போகிற நேரம் தெரிந்து காத்திருந்து அடித்தது போல. "யம்மா, நல்லாருக்கீங்களா? சின்னவரு நல்லாருக்காரா? ஒண்ணு கேக்கணும், சங்கடப்படாதீங்க." முத்துப்பேச்சி எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பாள், ஆனால் இதுவரை எதையும் கேட்டதில்லை. பெரியாஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி திறக்கிறார்களாம். உதவிக்கு ஆள் எடுக்கிறார்களாம். "பால் குடுத்துப் பழக்கம் உள்ளவங்களுக்குத்தான் மொதல்லன்னு சொல்லுதாவ. நான் குடுத்திருக்கேன்னு சொன்னேன். யாருக்குக் குடுத்தியோ அந்தத் தாய்கிட்ட எழுத்து வாங்கிட்டு வா, இன்னைக்கு அஞ்சு மணிதான் கடைசின்னுட்டாவ. நாலு மணிக்கு நானே வந்து வாங்கிக்கிடுதேன். இருபத்திரண்டு நாள் என் பால்தான் குடிச்சுதுன்னு ரெண்டு வரி போதும்மா. அம்புட்டுதான்." பாக்கேன் என்று பிரதீபா சொன்னாள். எழுதித் தாரேன் என்று சொல்லவில்லை. பாக்கேன் என்றுதான் சொன்னாள்.

அம்புட்டுதான். ரெண்டு வரி. அந்த ரெண்டு வரியைக் கையில் வாங்குகிறவர்கள் சும்மா விடுவார்களா, ரிஜிஸ்டரைப் புரட்டுவார்கள், பிரதீபா என்ற பேருக்கு எதிரே பத்து இலக்கம் இருக்கும், அது ஆவுடையப்பனின் நம்பர். பிரசவத்துக்குச் சேர்க்கும்போது தந்தவன் அவன்தானே. ஆபீசில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்க அவன் போன் அடிக்கும், அவன் சத்தமாகப் பேசுகிறவன், யாரு, ஆஸ்பத்திரியா, சொல்லுங்க என்பான், சார் உங்க குழந்தைக்கு வேற ஒரு அம்மா பால் குடுத்தாங்களாமே, சரிதானான்னு கேக்கத்தான் கூப்பிட்டோம் என்பார்கள். அதற்குப் பிறகு அவன் முகம் எப்படி ஆகும் என்று அவளால் பார்க்க முடியவில்லை; அந்த இடம் வந்ததும் படம் நின்றுவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து போன் அடிக்கிறது. ஆவுடையப்பன் கெட்டவன் இல்லை. கத்த மாட்டான். அவன் கேட்கிற கேள்விதான் பயம். அப்போ அந்த மூணு வாரமும் நீ எங்கிட்டச் சொன்னதெல்லாம்? தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, இன்னைக்கு எம்புட்டு என்று கேட்பான், நாப்பது எம்.எல்., அம்பது, எண்பது என்று அவள் சொல்வாள், சொல்லச் சொல்ல அவன் கண் நிறையும். அந்தக் கண்ணீரை அவள் திருடியிருக்கிறாள். மாமியாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாற்பத்தொன்றாம் நாள் சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னால் தன் கைவளையலைக் கழற்றி அவள் கையில் ஏற்றி, "ஒண்ணே கால் கிலோல கெடந்த பிள்ளைய இவ பால்தாம்ட்டி இழுத்துக் கொண்டாந்துச்சு, இந்தக் காலத்துப் பிள்ளைகள்ல யாரு இப்படி விடாம நிப்பா?" என்றாள். அன்றைக்கு வந்திருந்த பெண்களில் இரண்டு பேர் இப்போதும் போன் செய்து யோசனை கேட்கிறார்கள். அக்கா, பால் ஊற என்ன சாப்பிட்டீங்க? பூண்டு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரை என்று அவளும் சொல்கிறாள், நிதானமாக, டாக்டர் மாதிரி.

இரண்டு இருபத்தைந்து. புதுத் தாள் எடுத்தாயிற்று. பாட்டிலுக்குப் பதில் இப்போது ஸ்பூன். எதிலிருந்து ஆரம்பிப்பது? உண்மையில் எதிலிருந்து ஆரம்பித்தது? முதலில் முத்துப்பேச்சிதான் கொடுத்தாள் என்று பல மாதம் தனக்கே சொல்லி வந்தாள்: பச்சைத் திரை தொங்கின அந்த ரூம், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி, தாய்மார்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பால் எடுக்கிற இடம், அடுத்த நாற்காலியிலிருந்து ஒரு கை நீண்டு, ஏ பிள்ளே, இந்தா, உன் பிள்ளைக்கு ஊத்து என்றது. நல்ல காட்சி. அதில் பிரதீபா செய்ய வேண்டியது வாங்கிக்கொள்வது மட்டும்தான். பிறகு, நர்ஸ்தான் ஏற்பாடு செய்தாள் என்று கொஞ்ச நாள் வைத்துக்கொண்டாள். அதுவும் இல்லை. நடந்தது இது. பிள்ளை பிறந்து ஆறாம் நாள். மூக்கில் போட்ட குழாய் வழியாக இரண்டு மணிக்கொரு தரம் ஊற்ற வேண்டும், பொடிப்பால் கொடுத்தால் குடல் தாங்காது, குடல் அழுகிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்று. அவளுக்கு வந்தது நாலு எம்.எல். அதிலும் கடைசியில் சிவப்பு. ஸ்டீல் கிண்ணத்தில் பிளாஸ்திரி ஒட்டி 'பேபி ஆஃப் பிரதீபா' என்று அவளே பேனாவால் எழுதியிருந்தாள், கான்வென்ட் எழுத்தில், சாய்வாக, அழகாக. அந்த அழகான பேருக்குள் நாலு எம்.எல். பக்கத்தில் முத்துப்பேச்சி. அவள் பிள்ளை முந்தின நாள் ராத்திரி போய்விட்டது, பெண் பிள்ளை, ஐந்து நாள். ஆபரேஷன் தையல் சீழ் பிடித்ததால் அவளை வீட்டுக்கு விடவில்லை. பிள்ளை போனது மார்புக்குத் தெரியவில்லை. கட்டிக்கொண்டு நெருப்பாய்ச் சுடுகிறது என்று அந்த ரூமுக்கு வருவாள், மற்ற தாய்மாருக்கு நடுவில் உட்கார்ந்து கிண்ணம் நிறைய எடுப்பாள், எழுந்து போய் வாஷ்பேசினில் கவிழ்த்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவாள். அந்த வெள்ளை சுழன்று இறங்கியதை பிரதீபா பார்த்தாள். இரண்டாம் தரம் கவிழ்க்கப் போகும்போது ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்தாள். ஊத்தாதீங்க அக்கா. காலைத் தொட்டாள். தொட்டாளா? தொட்டாள். ஈரத் தரையில் மண்டி போட்டுத் தொட்டாள். முத்துப்பேச்சி குனிந்து ரொம்ப நேரம் அவளையே பார்த்தாள். அந்த ரொம்ப நேரத்தில் அவள் கண்ணில் இருந்தது கருணை இல்லை, பிரதீபா அதைக் கிட்டத்திலிருந்து பார்த்தவள். என் பிள்ளை செத்து முழுசாய் ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் கேட்கிறாயே என்ற பார்வை. பிறகு கிண்ணத்தை நீட்டினாள். அவள் கிண்ணத்தில் பேர் இல்லை. எதற்குப் பேர்? பிரதீபா அதை வாங்கித் தன் கிண்ணத்தில் ஊற்றினாள், பேர் எழுதின கிண்ணத்தில், நாலோடு ஐம்பது சேர்ந்தது. நர்ஸ் வந்து தூக்கிப் பார்த்து, "அடேயப்பா, பாத்தீங்களா, மனச விட்டுட்டா வராதுன்னு சொன்னேன்ல?" என்றாள். பிரதீபா சிரித்தாள். வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான், நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

இதை எழுத முடியுமா? இதில் எந்த வார்த்தையை எழுத முடியும்? அடுத்த நாள் பிரதீபாவே ஆரம்பித்தாள், அக்கா, வெளிய தெரிஞ்சா எங்க வீட்ல ஒரு மாதிரி. மீதியைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முத்துப்பேச்சி சிரித்துவிட்டாள், பிள்ளை போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு, "நான் ஏம்ட்டி சொல்லப்போறேன்? எங்க ஆளுக பாலுன்னு சொன்னா உங்க வீட்டுப் பெருசு பிள்ளைய ஆத்துல முக்கி எடுத்துரும்லா." ஆமாம், பெருசு முக்கித்தான் எடுக்கும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் என்று சொல்லிக்கொண்டு முத்துப்பேச்சி முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்த அன்று மாமியார் கேட்ட முதல் கேள்வி எந்த ஊரு, இரண்டாவது எந்தத் தெரு. மூன்றாவது கேள்வி தேவைப்படவில்லை. அதிலிருந்து அவள் வந்தால் காபி பேப்பர் கப்பில் வரும். விசேஷத்துக்கு வாங்கின கப் மிச்சம் கிடக்கு, தீரட்டும் என்பாள் மாமியார். மிச்சம் தீர்ந்த பிறகு ஒரு கட்டு புதிதாக வாங்கி வைத்தாள். பிரதீபா அந்தக் கப்பைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், முத்துப்பேச்சி விளிம்பைப் பிடித்து வாங்குவாள், பீடி சுற்றி மஞ்சள் பாரித்த விரல், புகையிலை வாசம். இந்த விரல்தான் பிழிந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா என்று கூப்பிட்டவள், வீட்டுக்கு வந்ததும், எந்த நாள் என்று சொல்ல முடியவில்லை, வா பேச்சி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். முத்துப்பேச்சியும் அதே நாளிலோ மறுநாளிலோ ஏட்டி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு நீங்க என்று மாறிக்கொண்டாள். யாரும் யாரிடமும் சொல்லி நடக்கவில்லை.

தொட்டிலில் அசைவு. எழுந்து போய் ஆட்டினாள். நெற்றியில் கை வைத்தாள், சூடில்லை. தினமும் இருபது தடவை வைக்கிற கை. இந்தப் பயம் எல்லாத் தாய்க்கும் உண்டு என்று டாக்டர் சொல்கிறார், ஆனால் எல்லாத் தாயும் பயப்படுவது காய்ச்சலுக்கு. அவள் பயப்படுவது, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அது தன் பொய்க்காக வந்தது என்று. நாலாம் மாதம் ஒரு தடவை, தடுப்பூசி என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கத்து லேபுக்குத் தூக்கிப் போய் ரத்தம் எடுத்துக் கொடுத்தாள். பிள்ளை அலறினான். எல்லா நோயும் பாருங்க என்றாள் லேபுக்காரப் பையனிடம். எதற்கு மேடம், டாக்டர் சீட்டு இருக்கா? சும்மா பாருங்க. மறுநாள் ஒன்றுமில்லை என்று தாள் வந்தது. ஒன்றுமில்லை. எல்லாம் சுத்தம். பஸ்ஸில் அந்தத் தாளைப் படித்தபோது சந்தோஷத்துக்கு முன்னால் ஒன்று வந்தது, சந்தோஷம் அதற்குப் பின்னால்தான் வந்தது, அதை அவள் யாரிடமும் சொல்ல முடியாது, பாவமன்னிப்புக் கூண்டு தனக்கும் இருந்தால்கூட அங்கே சொல்ல வாய் வராது: ஏமாற்றம். முத்துப்பேச்சியை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும், கிடைக்காமல் போனதே என்ற ஏமாற்றம். தன் பிள்ளையின் ரத்தத்தில் அதைத் தேடியிருக்கிறாள்! கான்வென்டில் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் ஒழுக்கப் பாடம், சிஸ்டர் லியோனில்லா கரும்பலகையில் கோடு போட்டு எழுதிப் போடுவார், நான் இன்னாருக்கு நன்றியுள்ளவளாக இருக்கிறேன், ஏனென்றால் இன்னது. இன்னாரையும் இன்னதையும் நிரப்ப வேண்டும். பிரதீபா வாரா வாரம் பத்துக்குப் பத்து. பஸ் டிரைவருக்கு, மழைக்கு, பெஞ்சில் இடம் விட்ட ஹசீனாவுக்கு. கைக்கு வந்ததை நிரப்பிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நிஜமாகவே ஒரு ஆளிடம் உயிர் பெற்றவளுக்கு அந்த ஆளின் செருப்புச் சத்தம் படியில் கேட்டாலே நெஞ்சு கரிக்கும் என்று அந்த நோட்டில் ஒரு பக்கத்திலும் இல்லை. நன்றி என்றால் இனிப்பாக இருக்கும் என்றுதான் எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள். முத்துப்பேச்சி ஒரு தடவையாவது சொல்லிக்காட்டியிருந்தால் இவளுக்கு மூச்சு வந்திருக்கும். ஒரு தடவையாவது என் பிள்ளை மாதிரி என்று தூக்கி வைத்துக்கொண்டு தராமல் அடம்பிடித்திருந்தால் கோபப்பட்டிருக்கலாம். மாசத்துக்கு ஒரு தடவை வருவாள், கதவோரம் உட்காருவாள், பிள்ளையைப் பார்ப்பாள், தூக்கட்டுமா என்றுகூடக் கேட்க மாட்டாள், நல்லா இருக்காரு என்பாள், போய்விடுவாள். கை நீட்டாதவளுக்கு எதைக் கொடுத்துத் தீர்ப்பது? ஒரு தடவை தீர்க்கிற அவசரத்தில் ஒரு பை நிறைய எடுத்துக் கொடுத்தாள், சேலை இரண்டு, அதோடு மகிழுக்குச் சின்னதாகிப்போன சட்டை, ஜட்டி, குல்லா, காலுறை எல்லாம். யாருக்காவது ஆகும் பேச்சி. அவள் படியிறங்கி, கேட்டைச் சாத்தி, தெருவில் பாதி தூரம் போன பிறகுதான் பிரதீபாவுக்கு உறைத்தது, யாரிடம் எதைக் கொடுத்தோம் என்று. ஜன்னலில் நின்று பார்த்தாள். முத்துப்பேச்சி பையைக் கையில் தொங்கவிடவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்து போனாள். கூப்பிட்டுத் திருப்பி வாங்க முடியுமா? மன்னிச்சிரு என்று சொல்ல முடியுமா? எப்படிப் பார்த்தாலும் இன்னும் கேவலம்தான்.

மூன்றாகப் போகிறது. அப்போது ஒரு வழி தோன்றியது. ஆங்கிலத்தில் எழுதலாம். தமிழில் எழுதினால் பால் என்றால் பால்தான், குடித்தான் என்றால் குடித்தான்தான். ஆங்கிலத்தில் அவளுக்கு வேறு மாதிரி வாக்கியம் வரும், யார் என்ன செய்தார்கள் என்று சொல்லாமலே மரியாதையாக நகர்ந்து போகிற வாக்கியம். அதற்குத்தான் பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தார்கள். பேனா ஓடிற்று. திருமதி முத்துப்பேச்சி சிகிச்சைக்காக வார்டில் தங்கியிருந்த நாட்களில், பச்சிளங்குழந்தைகளின் தாய்மார்களுக்கு மிகவும் உதவியாகவும் ஊக்கமாகவும் இருந்தார். பொறுமையும் கனிவும் உள்ளவர். எந்தப் பொறுப்பையும் நம்பி ஒப்படைக்கலாம். பொய் ஒரு சொல் இல்லை. பால் என்று ஒரு சொல் இல்லை. சரிபார்க்க ஒன்றும் இல்லை, ஆகவே யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை. கீழே கையெழுத்து, தேதி, நம்பர் வேண்டாம். எழுத்து சாய்ந்து சீராக வந்திருந்தது, அதைப் பார்க்க ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. முத்துப்பேச்சிக்கு ஆங்கிலம் தெரியாது. வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள், ஆபீசில் நீட்டுவாள், அங்கே படித்துப் பார்ப்பார்கள், இதில் பால் கொடுத்ததாக எங்கே இருக்கிறது என்பார்கள், அவள் இருக்கே சார், நல்லாப் பாருங்க என்பாள், அதற்குள் ஐந்து அடித்துவிடும். மறுபடி பீடித் தட்டு, குனிந்த கழுத்து. பிரதீபாவுக்கு இது தெரியும். கையெழுத்துப் போடும்போதே தெரியும். அடுத்த ஞாயிறு போன் வந்தாலும், எழுத்து சரியில்லன்னுட்டாவம்மா என்றுதான் சொல்வாள், நீ ஏமாற்றினாய் என்று சொல்ல மாட்டாள். அந்த நினைப்பு பல்லைக் கூசவைத்தது. தாளை மூன்றாக மடித்தாள். விரித்தாள். மறுபடி மடித்தாள். மூன்று முப்பதுக்கு வாசல் மணி அடித்தது.

சீக்கிரம் வந்துவிட்டாள். பிரதீபா எழுவதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. கொண்டையை முடிந்துகொண்டே மாமியார் வாசலுக்குப் போய்விட்டாள்.

"யாரு, பேச்சியா? இந்த வெயில்ல என்னட்டி?"

"ஒரு எழுத்து வாங்க வந்தேன் பெரியம்மா. ஆஸ்பத்திரில வேலைக்கு எடுக்காவ. தங்கமான எடத்துல எழுதி வாங்கிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"வேலையா? நல்ல காரியம்லா. எங்க பிரதீபா எழுதிக் குடுத்தான்னா கலெக்டரே எந்திரிச்சு நிப்பான். எழுதிட்டியாம்மா?"

பிரதீபா தாளை நீட்டினாள். முத்துப்பேச்சி உடனே வாங்கவில்லை, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பிறகு வாங்கினாள். விரித்துப் பார்த்தாள். முகம் மலர்ந்து, உடனே கொஞ்சம் சுருங்கிற்று.

"இங்கிலீசா? பவுசாத்தான் இருக்கு. ஒருக்கா வாசிச்சுச் சொல்லிருங்கம்மா. அங்க ஏதும் கேட்டாவன்னா நானும் அதையேதான சொல்லணும்?"

"வாசி, நானும் கேக்கேன்," என்று மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாசித்தாள். வேறு என்ன செய்வது? ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கிச் சொன்னாள், உதவியாக இருந்தார், ஊக்கமாக இருந்தார், குரல் யாருடையதோ போலக் காதில் விழுந்தது, பொறுமையும் கனிவும், மின்விசிறி சுற்றிற்று, நம்பி ஒப்படைக்கலாம். நிறுத்தினாள்.

"பெறவு?" என்றாள் முத்துப்பேச்சி.

"அவ்வளவுதான்."

"பால்னு எங்கயும் வரலியேம்மா."

"என்ன பாலு?" என்றாள் மாமியார்.

இப்போது சொல்லப்போகிறாள். பதினான்கு மாதமாக இந்த நொடிக்குத்தான் பயந்தது. சொல்லட்டும், வாய் விட்டுக் கத்தட்டும், கையை நீட்டித் திட்டட்டும். பிரதீபாவின் விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்தன. முத்துப்பேச்சி அவளைப் பார்த்தாள். ஈரத் தரையில் நின்று பார்த்த அதே நீளமான பார்வை, பார்த்துவிட்டு மாமியார் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணுமில்ல பெரியம்மா. அங்க புதுசா பால் வங்கின்னு ஒண்ணு வைக்காவ. அதுலதான் வேலை. அந்தப் பேரு இதுல வரணுமோன்னு நெனச்சேன்." தாளை மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டாள். "இது போதும்மா. குடுத்துப் பாக்கேன்."

மறுபடியும் கொடுத்துவிட்டாள். கேட்காமலே, இந்தத் தடவை காலில் விழாமலே, இன்னொரு கிண்ணம். அதை வாங்கிக்கொண்டால் இனி சாகும்வரைக்கும் இந்த வீட்டில் பேப்பர் கப்பைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், ஒவ்வொரு மாதமும், சிரித்துக்கொண்டே. பிரதீபாவுக்கு வந்தது இரக்கமா கோபமா என்று தெரியவில்லை. முத்துப்பேச்சி செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

"அதக் குடுங்க," என்றாள் பிரதீபா. "அது தப்பு. அது ஆகாது. அத்தை, மகிழ் ஆஸ்பத்திரில குடிச்சது எம் பால் இல்ல. இவங்க பாலு. இருபத்திரண்டு நாளும் இவங்க பாலு. எனக்கு வரல. நான்தான் கேட்டு வாங்கினேன்."

மாமியார் முதலில் சிரித்தாள், ஏதோ விளையாட்டு என்று. பிறகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு முத்துப்பேச்சியின் விரல்களைப் பார்த்தாள்.

"என்னட்டி சொல்லுத? ஆவுடைக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்குத் தெரிஞ்சுரும். ஆஸ்பத்திரிலேருந்து போன் போகும்."

மாமியார் எழுந்து தொட்டிலுக்குப் போனாள், தூங்குகிற பிள்ளையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள், உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. காலித் தொட்டில் ஆடி ஆடி மெல்ல நின்றது.

நன்றி சொல்ல இதுதான் நேரம் போலிருக்கிறது என்று பிரதீபா வாயைத் திறந்தாள். முத்துப்பேச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. எனக்கு அது வேண்டாம். நேத்துதான் அந்த ரிஜிஸ்டரப் பாத்தேன். சிஸ்டரு வெரல வச்சு ஒவ்வொரு நாளா வாசிச்சாவ. எல்லாத்துலயும் உங்க பேரு. அம்பதும் உங்க பேரு, எண்பதும் உங்க பேரு. எம் பிள்ள இருந்த எடத்துல செவப்பு மையில ஒரு கோடு. வெளிய சொல்லாண்டாம்னு நீங்க சொன்னது வீட்டுலன்னுதான் நெனச்சேன், அங்கயும் எழுதாம விட்டிருப்பாவன்னு எனக்குத் தெரியாது. அடிவயிறு எரிஞ்சுது, ஆமா. ராத்திரி பூரா உங்கள வைஞ்சேன்." மூச்சு வாங்கினாள். "அஞ்சு நாள் இருந்துட்டுப் போன பிள்ளைக்கு வந்த பாலும்மா அது. அது வந்துச்சுன்னு எங்கயாவது ஒரு எடத்துல எழுதி இருக்கணும்."

பிரதீபா உட்கார்ந்தாள். புதுத் தாளை இழுத்துக்கொண்டாள். தமிழில் எழுதினாள். என் மகன் பிறந்த ஆறாம் நாளிலிருந்து. எழுத்து சாயவில்லை, குழந்தை எழுதினது போல ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றது. கீழே எழுத வேண்டிய ஆவுடையப்பனின் போன் நம்பரை முதலிலேயே எழுதிவிட்டாள், பின்னால் தைரியம் போய்விடும் என்று. மூன்று நாற்பத்தெட்டு. கதவுக்குப் பின்னால் மகிழ் விழித்துக்கொண்டு வீரிட்டான். பழக்கமில்லாத தோள், பழக்கமில்லாத இருட்டு. பேனாவைப் போட்டுவிட்டு பிரதீபா பாதி எழுந்தாள். முத்துப்பேச்சியும் அந்தச் சத்தத்துக்குச் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பியிருந்தாள், ஒரு கை தானாக மார்புக்குப் போயிருந்தது. பிறகு அந்தக் கையை எடுத்து, மின்விசிறிக்குத் தூக்கின தாளை மேசையோடு அழுத்திப் பிடித்தாள்.

"அழட்டும்," என்றாள். "நீங்க எழுதுங்க. அஞ்சு மணி வரைக்குந்தான் ஆபீசு."